கூண்டு விட்டுக் கூண்டு

ஒருவனிடம் கார் இருக்கிறது என்று தெரிந்தால் ஊரார் அவனிடம் சவாரி கேட்பார்கள். அந்தக் காருக்கு என்ஜின் இல்லை என்று தெரிந்தால் அவனுக்கு யோசனை சொல்வார்கள். சவாரி கேட்பவர்களுக்கு ஏதேனும் சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். யோசனை சொல்பவர்களிடமிருந்து தப்புவதற்கு மனிதகுலம் இன்னும் ஒரு மார்க்கமும் கண்டுபிடித்தபாடில்லை. சென்ற சித்திரை தொடங்கி மார்கழி வரையில், மதுரைக்கு மேற்கே நாகமலைப் புதுக்கோட்டையில் என் வீட்டுக் கொல்லை வேப்பமரத்தடியில், என்ஜினும் கியர்பாக்ஸும் இன்றி ஒரு கார் நின்றுகொண்டிருந்த காலத்தில் நான் அடைந்த ஞானம் இது.

அந்தக் காரை நான் விலை கொடுத்து வாங்கவில்லை. சித்தப்பாவின் சொத்தைப் பிரித்தபோது நிலம் கேட்டவர்கள் நிலம் பெற்றார்கள். வீடு கேட்டவர்கள் வீடு பெற்றார்கள். வாய் திறவாமல் உட்கார்ந்திருந்த குற்றத்துக்காக நான் கார் பெற்றேன். அடிப்படையில் அது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியரான மிக்கலோட்டி வடிவம் வரைந்து, 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1961 முதல் நம் சென்னைப் பட்டணத்திலேயே உற்பத்தியாகி, அம்பாஸிடர், ஃபியட், ஹெரால்டு என்ற மும்மூர்த்திகளே தேசத்துச் சாலைகளைப் பரிபாலனம் செய்த காலத்தில் மூன்றாவது மூர்த்தியாக விளங்கியது அது. மற்ற இரண்டுக்கும் இல்லாத ஒரு விசேஷம் அதற்கு உண்டு. அவற்றில் எலும்பும் தோலும் பிரிக்கவொண்ணாதபடி ஒன்றியிருக்கும். ஹெரால்டிலோ சேஸிஸ் தனி, மேலே கூண்டு தனி. இதைக் கண்ட ஆங்கிலேயர் பலர், பழைய கூண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, தத்தம் மனம் போனபடி வேறு கூண்டுகளைப் பூட்டி ஓட்டத் தலைப்பட்டார்கள்.

காரின் பாகங்களைப் பெட்டியில் வாங்கிவந்து வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் இந்த வித்தைக்குக் ‘கிட் கார்’ என்று பெயர். முழுக் காராக வாங்கினால் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் இல்லை என்பது அக்காலத்து ஆங்கில நாட்டு விதி. ஆனால் பூட்டும் முறையை விளக்கும் புஸ்தகத்தை உடன் கொடுக்கலாகாது என்றும் ஒரு நிபந்தனை. 1957இல் லோட்டஸ் செவன் என்ற காரைக் கொண்டுவந்து, அதைப் பாகங்களாகவும் விற்ற காலின் சாப்மன் கம்பெனியார், பூட்டும் முறைக்குப் பதிலாகக் கழற்றும் முறையை அச்சிட்டுக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து தலைகீழாகப் படிக்கும் பொறுப்பை வாங்கியவரிடமே விட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. சித்தப்பா இதைச் சொல்லும்போதெல்லாம், வரி கட்டாதிருக்க மனிதன் புரியும் தபசுக்கு முன்னால் ரிஷிகளின் தபசு எம்மாத்திரம் என்று முடிப்பார். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து இரண்டாயிரம் ரூபாய் விலை சொல்லியும், அரசாங்கத்தின் லைசென்ஸ் கிடைக்காமல் அது நின்றுபோனது அவருக்கு ஆறாத மனக்குறை. அதைத் தம்மளவிலாவது தீர்த்துக்கொள்ளும் உத்தேசத்துடன் பழைய ஹெரால்டு ஒன்றை வாங்கி, பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுவதில் பேர்பெற்ற கரூரிலிருந்து ஓர் ஆசாரியை வரவழைத்து, அலுமினியத் தகட்டில் இருவர் அமரும் புதுக் கூண்டு ஒன்றைக் கட்டுவித்தார். ஆசாரியோ ஆயுள் முழுதும் பஸ் கட்டியவர். கைப்பழக்கம் எங்கே போகும்? முன்னாலிருந்து பார்த்தால் பந்தயக் கார். பின்னாலிருந்து பார்த்தால் திருமங்கலம் டவுன் பஸ். பஸ் நிறுத்தத்தின் அருகே சற்று நின்றால், முன்பக்கம் காணாத ஜனங்கள் துண்டு போட்டு இடம் பிடிக்க ஓடிவருவார்கள்.

இத்தகைய வாகனம் சித்திரை வெயிலில் மேலூர்ச் சாலையில் உயிர் நீத்தது. பழி முழுவதும் என்னுடையது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்று ஊற்றவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒருசேர நினைவுக்கு வந்தது ஒத்தக்கடையைத் தாண்டிய பிறகுதான். எதிரே யானைமலை படுத்திருந்தது. அதைப் பார்த்துக் காரும் படுத்துவிட்டது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கார் விஷயத்திலும் அது சத்தியமே. இருந்தாலும் ஆயிரம், இறந்தாலும் ஆயிரம். இரண்டு ஆயிரத்தையும் நாம் கொடுக்கவேண்டும் என்பதொன்றே வித்தியாசம்.

“என்ஜின் சீஸ் ஆயிருச்சு சார்” என்றார் மேஸ்திரி. “பிஸ்டனும் போரும் ஒண்ணையொண்ணு கட்டிப்பிடிச்சுக்கிருச்சு. இதையே பிரிச்சுக் கட்டலாம். இல்லைன்னா வேற என்ஜின் போடலாம். யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் கொடுத்தவை மூன்று வழிகள்: கட்டுவது, மாற்றுவது, யோசிப்பது. செலவில்லாதது என்று கருதி நான் மூன்றாவதைத் தேர்ந்தேன்.

ஹெரால்டின் முன்முகம் முழுவதும் ஒரே மூடியாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்குமாகையால், முன்சக்கரத்தின்மீது திண்ணையில் அமர்வது போல அமர்ந்து மேஸ்திரி வேலையை முடித்தார். வேப்பங்கிளையில் செயின் பிளாக் மாட்டி, என்ஜினையும் கியர்பாக்ஸையும் தூக்கி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கோணிச் சாக்கின்மேல் கிடத்தினார்கள். 948 சி.சி., நாலு சிலிண்டர். இதன் இளைய பங்காளியான 1147 சி.சி. என்ஜினை வாங்கிப் பூட்டித்தான் ஜெர்மானியர் ஆம்ஃபிகார் என்ற நீரிலும் நிலத்திலும் செல்லும் காரைச் செய்தார்கள்; அத்தகைய கார்கள் இரண்டு 1965இல் ஆங்கிலக் கால்வாயையே கடந்தன. வைகையை ஆண்டில் பல மாதங்கள் எந்தக் காரும் கடந்துவிடுமாகையால், நமது பக்கத்தில் இந்தப் பெருமையை எடுத்துக்காட்டச் சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை.

ஓர் உடலில் வேறோர் உயிர் புகுவது நமக்கு அந்நியமான விஷயமல்ல. கயிலையிலிருந்து வந்த யோகியார், சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்துகிடக்கப் பசுக்கள் சுற்றி நின்று கதறுவதைக் கண்டு இரங்கி, தம் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு அவ்வுடலில் புகுந்து திருமூலரானார் என்று பெரிய புராணம் கூறுகிறது. பசுக்கள் உடனே சமாதானமடைந்தன. சங்கடப்பட்டவள் மூலனின் மனைவிதான். முகம் அதே முகம். ஆனால் புருஷன் அந்தப் புருஷன் அல்லன். அவள் ஊர்ப் பெரியோரிடம் முறையிட்டாள். இந்தச் சம்பவத்தைச் சிறு வயது முதல் எத்தனையோ முறை கேட்டிருந்தும், அதில் அடங்கியுள்ள மோட்டார் வாகன தத்துவம் எனக்கு அப்போது புலப்படவில்லை.

முதலில் வந்தவர் கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்ற மாமா. “அம்பாஸிடர் என்ஜின் போடு மாப்பிள்ளை. 1489 சி.சி. மரியாதையான என்ஜின், அவசரப்படாது, சொன்ன வேலையைச் செய்யும், கேள்வி கேட்காது” என்றார். 2014இல் அம்பாஸிடர் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள் என்று நான் தெரிவித்தபோது, “உற்பத்தியைத்தானே நிறுத்தினார்கள்? பென்ஷனை நிறுத்த முடியுமா?” என்று அவர் கேட்டதன் பொருள் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்து உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்பந்தி. “சம்பந்தி, பழைய மகேந்திரா ஜீப்புல வந்த பிஜோ டீசல் என்ஜின் ஒண்ணு இருக்கு. இருவது மூட்டை ஏத்தி மலை மேல விடுங்க, மூச்சு வாங்காது” என்றார். நான் ஏற்றுவது ஒரு குடையும் ஒரு வெற்றிலைப் பெட்டியுமே என்று எவ்வளவு விண்ணப்பித்தும் அவர் மூட்டையைக் கீழே இறக்கவில்லை. பெட்ரோல் காருக்கு டீசல் உயிர் கொடுப்பது நம் நாட்டுப் பட்டறைகளில் நெடுநாளாக நடக்கும் வழக்கம்தான். சௌராஷ்டிரத்தில் மோட்டார் சைக்கிளின் முன்பாதியோடு ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜினைச் சேர்த்து, சக்டா என்ற மூன்று சக்கர வண்டியே செய்துவிட்டார்கள். ஆயினும் இந்த டீசலின் எடைக்கு ஹெரால்டின் மூக்கு தரையைத் தொடும் என்றும், அதன் முறுக்குக்கு அந்தச் சின்ன கிரவுன் வீலும் பினியனும் கரும்பு பிழிவது போலப் பிழிந்துவிடும் என்றும் மேஸ்திரி அபிப்பிராயப்பட்டார்.

தெருக்கோடியில் இருக்கும் தொண்ணூறு கடந்த பெரியவர், கைத்தடியை ஊன்றி வந்து காரை மூன்று முறை பிரதக்ஷிணம் செய்து, “என்ஜினை ஏன்டா மாத்துறே? தீனியை மாத்து. கரி போடு” என்று அருளினார். அவர் பரிகாசம் செய்யவில்லை. 1911இல் மதுரையில் தோன்றிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் கம்பெனி, இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரியிலிருந்து வாயு உண்டாக்கி மோட்டாரை ஓட்டும் கேஸ் பிளாண்டைத் தானே வடிவமைத்துச் செய்தது. பஸ்ஸோடு சேர்த்துக் கட்டிய உலையில், போதிய காற்று விடாமல் கரியை எரித்தால் பிறக்கும் வாயுவை வடிகட்டி என்ஜினுக்கு ஊட்டுவதே அதன் சூட்சுமம். பெட்ரோலில் இருந்த வேகம் அதில் இராது. புறப்படுவதற்கு வெகு முன்னரே அடுப்பு மூட்டவேண்டும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள் என்றும், மேட்டின் உச்சியில் மறுபடி ஏறும்போது முதல் வகுப்பு எது, மூன்றாம் வகுப்பு எது என்று நிறத்தைக் கொண்டு சொல்ல முடியாது என்றும் பெரியவர் சொன்னார். கரி என்ன விலை விற்கிறது என்று நான் கேட்டதும், அந்தக் காலத்து விலையைச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படிக்கும் மருமகப் பிள்ளையாண்டான் எல்லாவற்றையும் ஒரு புன்னகையால் தள்ளினான். “மாமா, மோட்டாரும் பேட்டரியும் போட்டுருவோம். கியர்பாக்ஸே தேவையில்லை. கிளட்ச் கிடையாது, சத்தம் கிடையாது, புகை கிடையாது.” இல்லாதவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போனதால், கடைசியில் பணமும் கிடையாது என்று நானே சேர்த்து அதைப் பூர்த்தி செய்தேன்.

இவ்வாறாக, நான் கேட்டது என்ஜின். எனக்குக் கிடைத்தவை சுயசரிதைகள். மாமாவுக்கு மரியாதையும், சம்பந்திக்கு மூட்டையும், பெரியவருக்கு யௌவனமும், பிள்ளையாண்டானுக்கு எதிர்காலமும் என் காரில் ஓடவேண்டியிருந்தன. ஒவ்வொருவரும் தத்தம் ஜீவனையே அந்த அலுமினியக் கூண்டில் புகுத்தப் பார்த்தார்கள். எனக்கு ஜீவன் ஒன்று தனியே இருந்ததாக யாருக்கும் தோன்றவில்லை. ஐப்பசி வாக்கில் எனக்கே அது சந்தேகமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மேஸ்திரி எனக்குக் கியர்பாக்ஸ் என்ற பேருண்மையை உபதேசித்தார். “எல்லாரும் என்ஜினைப் பத்தியே பேசுறாங்க சார். என்ஜின் எங்கயும் கிடைக்கும். அதோட வாய் எந்த பெல் ஹவுசிங்ல உக்காரும்னு யாராச்சும் சொன்னாங்களா?” உண்மையில் ஒருவரும் சொல்லவில்லை. என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் அந்த மணி வடிவ உறையில் போல்ட் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக அமையவேண்டும். அமையாவிட்டால் நடுவில் லேத்தில் கடைந்த தகடு ஒன்று போடவேண்டும். தகடு போட்டால் அதன் கனத்துக்குக் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் எட்டாமல் போகும். எட்டினாலும் அதன் பல் எண்ணிக்கை கிளட்ச் பிளேட்டின் பல் எண்ணிக்கையோடு ஒத்துப்போகவேண்டும். அதுவும் ஒத்தால் பின்னாலுள்ள புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சுருக்கவேண்டும். எல்லாம் முடிந்து ஸ்டார்ட் செய்தால் கியர் லீவர் டிரைவரின் முழங்காலுக்கு மேல் வந்து நிற்கும். அம்பாஸிடரின் பழைய கியர்பாக்ஸானால் லீவரே ஸ்டியரிங் அருகில் முளைக்கும். ஒரு பட்டறையில் பையன் ஒருவன் கிரவுன் வீலை இடம் மாற்றிப் பூட்டிவிட, வண்டி முன்னால் போக ஒரு கியரும் பின்னால் போக நாலு கியருமாக அமைந்துவிட்டதாம். அந்த அமைப்பில் வெகுகாலமாக நடந்துவரும் சில ஸ்தாபனங்களை நான் அறிவேனாகையால், எனக்கு அது அதிசயமாகப் படவில்லை.

ஆகவே என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஜோடி பிரிக்காமல் வாங்குவதே விவேகம் என்று முடிவாயிற்று. சிம்மக்கல் பக்கம் திலகர் திடலில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மேஸ்திரியும் நானும் வாராவாரம் யாத்திரை போனோம். ஸ்பானர், ஸ்பீடாமீட்டர், வாரிசில்லாத கார்புரேட்டர், எந்த வண்டியைத் திறந்தது என்று எவரும் அறியாத சாவிக் கொத்து முதலியவை கோணியின்மேல் பரப்பிக் கிடக்கும் அந்தச் சந்நிதியில், மேஸ்திரி ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, காதோரம் ஆட்டிப் பார்த்து, விலை கேட்டு, கேட்ட விலைக்கு ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே வைப்பார். குட்டியானை என்று ஜனங்கள் அன்போடு அழைக்கும் டாடா ஏஸின் இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் என்ஜினும் சிறிது காலம் பரிசீலனையில் இருந்தது. பதினாறு குதிரைத்திறன் போதுமா என்று நான் தயங்கியதால் அது கைநழுவியது. இறுதியில் மாருதி ஆம்னியின் 796 சி.சி. என்ஜினில் இருவரும் ஒருமனப்பட்டோம். மூன்றே சிலிண்டர், லேசான எடை, சக்தி ஏறத்தாழப் பழைய ஹெரால்டுக்குச் சமம், எல்லாவற்றுக்கும் மேலாக, நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களை ஓட்டும் கியர்பாக்ஸும் உடன்வரும். பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் செல்வதும், தமிழ் சினிமாவில் கதாநாயகியின் தந்தையைக் கடத்திச் செல்வதுமாக அந்த வாகனம் நடத்திய இரட்டை வாழ்க்கை எனக்குச் சற்று உறுத்தியபோதிலும், பூர்வாசிரமத்தை விசாரிக்கலாகாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

முன்பணம் கொடுக்கப் புறப்பட்ட தினத்தில் எதிர்வீட்டு வக்கீல் குறுக்கே வந்தார். “ஆர்.சி. புஸ்தகத்தைப் பார்த்தீர்களா?” என்றார். பார்த்தோம். சித்தப்பா கட்டிய கூண்டு அக்காலத்திலேயே பரிசோதனையாகி அதில் ஏறியிருந்தது. அதற்குக் கீழே, தெளிவான கையெழுத்தில், சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வக்கீல் தமிழிலும் இங்கிலீஷிலும் பாராயணம் செய்தார். வண்டியை உற்பத்தி செய்தவர் குறித்த விவரங்களுக்கு, பதிவுப் புஸ்தகத்திலுள்ளவை மாறுபடும்படி சொந்தக்காரன் வண்டியை மாற்றலாகாது. பேட்டரி, எரிவாயு ஆகியவற்றுக்கு மாறுவதற்கு மட்டும் நிபந்தனைகளோடு இடமுண்டு. “ஹெரால்டு உடம்புக்குள் மாருதி உயிரா? புஸ்தகம் ஒப்புக்கொள்ளாதே!” என்றார். அந்தக் கணத்தில் எனக்கு மூலனின் மனைவி யார் என்பது விளங்கிற்று. ஆர்.சி. புஸ்தகம்தான் அந்த அம்மாள். முகத்தைப் பார்த்து மயங்கமாட்டாள், நம்பரைக் கேட்பாள், பொருந்தாவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துப் பெரியோரிடம் முறையிடுவாள்.

பேட்டரிக்குப் பணமில்லை என்பது முன்பே முடிவானதால், இனி இந்த உடலில் சட்டப்படி புகத்தக்க உயிர் ஒன்றே ஒன்று. இதிலிருந்து வெளியேறிய உயிர்தான். ஒன்பது மாத ஆராய்ச்சியின் பயனாக, முதல் நாள் மேஸ்திரி முதல் வழியாகச் சொன்ன இடத்துக்கே நான் வந்து சேர்ந்தேன். அவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை, உத்தமர். “சிலீவ் போட்டு, போர் அடிச்சு, கிராங்க்கை கிரைண்டிங் குடுத்துருவோம் சார். தைப்பூசத்துக்கு வண்டி ஓடும்” என்று மட்டும் சொல்லி, பையனிடம் செயின் பிளாக்கை எடுத்துவரச் சொன்னார்.

கொல்லைக்குப் போனோம். துவைக்கிற கல் இருந்தது. கோணிச் சாக்கு இருந்தது. அதன்மேல் எண்ணெய்க் கறை நாலு சிலிண்டர் நீளத்துக்குப் படிந்திருந்தது. என்ஜினைக் காணோம்.

“ஏங்க, அதுவா?” என்றாள் என் மனைவி, சமையலறை ஜன்னலிலிருந்து. “நீங்க வேற என்ஜின் பார்த்தாச்சுன்னு சொன்னீங்களே, மறுநாளே பழைய இரும்புக்காரன் மைக் கட்டிக்கிட்டு வந்தான். எடைக்கு எடுத்துக்கிட்டான். நாலு பேர் சேர்ந்து தூக்கிக் குட்டியானையில ஏத்தினாங்க. கியர்பாக்ஸ் இருக்கு, பயப்படாதீங்க. தண்ணித் தொட்டி சாயுதுன்னு அடியில முட்டுக் குடுத்திருக்கேன்.”

திருமூலரும் பசுக்களைக் கரை சேர்த்த பின்னர்த் தம் பழைய உடலைத் தேடிப் போனார். வைத்த இடத்தில் அது இல்லை. ஆண்டவன் மறைத்தருளினான் என்பது புராணம். என் விஷயத்தில் மறைத்தருளியது, பதினாறு குதிரைத்திறன் போதாது என்று நான் ஒதுக்கிய அதே என்ஜின். அவர் திருவாவடுதுறையில் அரச மரத்தடியில் அமர்ந்து மூவாயிரம் பாடினார். எனக்கு வாய்த்தது வேப்பமரமாகையால் இந்த ஒரு கட்டுரையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மேஸ்திரி செயின் பிளாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போன பிறகு, என் மனைவி ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். காசு போக, பழைய வழக்கத்தை விடக்கூடாது என்று அந்த இரும்புக்காரன் கால் கிலோ பேரீச்சம்பழமும் கொடுத்திருக்கிறான்.

“வீணாக்காம சாப்பிடுங்க” என்றாள். “உடம்புக்கு இரும்புச் சத்தாம்.”